முவாங்காவில் ஒரு நிறுத்தம்

முவாங்கா,
ஜனவரி 11, 2024

அன்புத் தம்பி சைலஸுக்கு,

கர்த்தர் கிருபையால் நான் சுகம். நீயும் ஷைனாவும் பிள்ளை ரூத்தும் சுகமாக இருக்க ஜெபிக்கிறேன். ஷைனாவுக்கு அந்த ஒற்றைத் தலைவலி விட்டதா? ரூத்துக்குப் பல்லுக்குக் கம்பி போட்டாச்சா?

வாட்ஸப் இருக்கும்போது அக்கா எதற்குத் தாளில் எழுதி, ஸ்கேன் பண்ணி, மெயிலில் அனுப்புகிறாள் என்று நினைப்பாய். வாட்ஸப்பில் நான் பத்து வரி எழுதினால் நீ ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விடுகிறாய். கடிதம் என்றால் பதில் எழுதித்தானே தீர வேண்டும்.

அமெரிக்காவுக்கு வந்து பிஸ்கட்டவேயில் இருபத்திரண்டு வருஷம் நர்ஸ் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவள், கையைக் காலை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் ஆப்பிரிக்காவில் மிஷன் க்ளினிக்குக்குப் போகிறாளே என்று சபையில் எல்லாரும் சொன்னார்கள். நீயும்தான் சொன்னாய். வந்து நாலு மாதம் ஆகிறது. இங்கே வருகிறவர்களில் பாதிப்பேருக்கு ஒரே வியாதிதான். முட்டி வீக்கம், குதிகாலில் வெடிப்பு, விரலிடுக்கில் புண். எல்லாம் நடந்து நடந்து வருவது. நான் என்ன களிம்பு தடவி என்ன செய்ய?

முவாங்கா என்பது கிசெங்கா நகரத்தின் ஓரத்தில் ஒரு மேடு. தகரக் கூரை வீடுகள். கீழே மெயின் ரோட்டில் மினிபஸ் போகும். காலையில் நிரம்பி வழிந்துதான் வரும், நிற்காது. நின்றாலும் ஏறி இறங்கினால் அன்றைய கூலியில் பாதி போய்விடும். ஆகவே நடக்கிறார்கள். அகின்யி என்று ஒருத்தி, முப்பது வயது இருக்கும். டவுன் ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிற வேலை. ஒன்பது கிலோமீட்டர் போக, ஒன்பது கிலோமீட்டர் வர. அவள் முட்டியை நீ பார்த்தால் அறுபது வயது என்பாய்.

விஷயத்துக்கு வருகிறேன். ரோட்டோரம் பெரிய போர்டு வைத்திருக்கிறார்கள். மின்சார பஸ் வருகிறதாம், டிக்கெட் மலிவாம், புகையே கிடையாதாம். கீழே பொடி எழுத்தில் உன் கம்பெனி பெயர்! எனக்கு ஒரே பெருமை. கிட்டப் போய் வரைபடத்தைப் பார்த்தேன். பஸ் எங்கள் மேட்டைத் தாண்டி நிற்காமல் போகிறது. லே, அந்தக் கோட்டை நீதானே போட்டாய்? இங்கே ஒரு நிறுத்தம் வேண்டும். அவ்வளவுதான் கேட்கிறேன்.

பதில் எழுது. கட்டைவிரல் வேண்டாம்.

உன் அக்கா,
ஜெயலீலா

*

சன்னிவேல்,
ஜனவரி 27, 2024

அன்பு அக்காவுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். ஷைனாவின் தலைவலி அப்படியேதான். ரூத்துக்குக் கம்பி போட்டு ஒரு வாரமாகச் சூப்தான் குடிக்கிறாள். உன் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். "Tell aththai I can't even eat murukku" என்றாள். நீ கொசுவலை கட்டித் தூங்குகிறாயா? மலேரியா மாத்திரையை மறந்துவிடாதே, ஊருக்கு உபதேசம் பண்ணுகிற நர்ஸம்மாவே!

ஆமாம், அந்தக் கோடு நான் போட்டதுதான். நான் என்றால் எங்கள் மாடல், கணக்குப் போட்டு வழி வரைகிற கம்ப்யூட்டர் ப்ரோக்ராம். கிசெங்காவில் அஞ்சு வருஷத்தில் ஜனத்தொகை ஒன்றரை மடங்கு ஆகும். எல்லாரும் கார் வாங்கினால் ஊரே மூச்சுத் திணறிச் செத்துப்போகும். இப்போதே பஸ் விட்டால் பிழைக்கும். நல்ல ப்ராஜெக்ட் அக்கா, நான் நம்பித்தான் செய்கிறேன்.

முவாங்கா ஏன் விட்டுப்போனது என்று பார்த்தேன். யார் எங்கே போகிறார்கள் என்பதைச் செல்ஃபோன் நகர்வை வைத்துத்தான் கணக்கிடுகிறோம். மணிக்கு ஏழு கிலோமீட்டருக்குக் கீழே நகர்கிற ஃபோன் எல்லாம் "வீட்டில் இருக்கிறார்" என்று விழுந்துவிடும். உன் அகின்யி நடப்பதால் அவள் எங்கேயும் போவதில்லை என்று மாடல் நினைக்கிறது. முவாங்காவுக்கு நேராகப் பூஜ்யம் நிற்கிறது.

எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஆனால் வழி இருக்கிறது. தினம் மூவாயிரம் பேருக்கு மேல் அந்த வழியாகப் போகிறார்கள் என்று யாராவது நேரில் எண்ணிக் கொடுத்தால் "கம்யூனிட்டி டேட்டா" என்று சேர்க்கலாம். ரோட்டோரம் ஒரு கம்பமும் கூரையும், நிறுத்தம் வந்துவிடும். உன்னால் முடியுமா?

ஆஃபீஸில் போன வாரம் ஒன்பது பேரை அனுப்பிவிட்டார்கள். என் தலை தப்பியது. கிரீன் கார்டு வரிசையோ நகர்கிற மாதிரியே தெரியவில்லை. வேலை போனால் அறுபது நாளில் மூட்டை கட்ட வேண்டும். ரூத் இந்த மண்ணில் பிறந்தவள், அவளை எங்கே கூட்டிப் போக? ஜெபத்தில் நினைத்துக்கொள்.

அன்புடன்,
சைலஸ்

பி.கு. சிரிக்காதே. நான் பஸ்ஸில் ஏறி ஆறு வருஷம் ஆகிறது.

*

முவாங்கா,
மார்ச் 4, 2024

என் அருமைத் தம்பிக்கு,

சமாதானம் உண்டாவதாக. கொசுவலை கட்டித்தான் தூங்குகிறேன். மாத்திரையும் போடுகிறேன். ரூத்துக்கு முறுக்கை இடித்துப் பாலில் ஊறவைத்துக் கொடுக்கச் சொல்.

எண்ணிவிட்டோம்! எப்படி என்று கேள். இங்கே சபைக் கமிட்டித் தேர்தலுக்கு வாக்குச்சீட்டு கிடையாது. பீன்ஸ் விதைதான் ஓட்டு. வேட்பாளருக்கு ஒரு டின், பிடித்தவர் டின்னில் விதை போட வேண்டும். அதையே பிடித்துக்கொண்டேன். மேட்டிலிருந்து ரோட்டுக்கு இறங்குகிற மூன்று பாதையிலும் டின் வைத்தோம். நடந்து போகிறவர்கள் தலைக்கு ஒரு விதை. விடியற்காலை நாலு மணியிலிருந்து சாயங்காலம் ஏழு வரை. சபைப் பெண்கள் முறை போட்டு உட்கார்ந்தார்கள். ஒரே பாட்டும் கூத்தும்தான். முதுகில் பிள்ளையைக் கட்டிக்கொண்டு வந்தவர்கள் எல்லாம் சிரித்துக்கொண்டே போட்டார்கள். அகின்யி வேலைக்கு லீவு போட்டு நடு டின்னுக்குக் காவல் இருந்தாள்.

ஞாயிறு ஆராதனை முடிந்து நாற்பது பேர் பாயில் உட்கார்ந்து எண்ணினோம். பதினோராயிரத்து இருநூற்று நாற்பது. நீ கேட்டது மூவாயிரம். பார்த்தாயா எங்கள் ஜனத்தை! பாஸ்டர் கையெழுத்து, கமிட்டி முத்திரை எல்லாம் வாங்கித் தாளை இதோடு வைத்திருக்கிறேன். பூஜ்யமாம் பூஜ்யம். உன் மாடலிடம் காட்டு.

அகின்யிக்கு ஒரு ஆசை. பஸ் வந்தால் மகளை டவுனில் நல்ல பள்ளிக்கூடத்தில் சேர்த்து, வேலைக்குப் போகும்போது கூடவே கூட்டிப் போவாளாம். ஏழு வயதுப் பிள்ளையை ஒன்பது கிலோமீட்டர் நடத்த முடியாதே.

உன் வேலைக்காகத் தினமும் ஜெபிக்கிறேன்.

அக்கா,
ஜெயலீலா

*

சன்னிவேல்,
ஏப்ரல் 2, 2024

அன்பு அக்கா,

நாங்கள் சுகம். உன் சுகத்துக்கு எழுது. ஷைனா உனக்கு ஒரு செருப்பு வாங்கி வைத்திருக்கிறாள், யார் வந்தாலும் கொடுத்தனுப்புகிறோம்.

நீ அனுப்பிய எண்ணைப் போட்டு மாடலை ஓடவிட்டேன். வரைபடத்தில் சாம்பல் நிறத்தில் கிடந்த முவாங்கா பளீரென்று சிவந்துவிட்டது. எங்கள் மேலாளர் ராமசுப்ரமணியன் சாதாரணமாக எதற்கும் அசையமாட்டார். அவரே என் இடத்துக்கு வந்து, "சைலஸ், இது தங்கம்யா. விதைய வச்சு எண்ணினாங்களா? இத ரிப்போர்ட்ல ஒரு சாப்டரா போடுங்க" என்றார். அடுத்த லிஸ்டில் என் பெயர் இருக்காது என்று முதல்முறையாக நம்புகிறேன்.

எண்ணைப் பார்த்ததும் கொஞ்சம் அதிகமோ என்று தோன்றியது. மேட்டில் அத்தனை பேரா? ஆனால் பாஸ்டர் கையெழுத்து இருக்கிறது, நீ இருக்கிறாய், அதற்கு மேல் யாரைக் கேட்க?

இன்னொன்று. பத்தாயிரத்தைத் தாண்டினால் மாடல் நிறுத்தம் என்று போடாது, டெர்மினல் என்று போடும். பஸ்கள் நின்று சார்ஜ் ஏற்றிப் புறப்படுகிற பெரிய நிலையம். நீ ஒரு கம்பம் கேட்டாய். உனக்கு பஸ் ஸ்டாண்டே வருகிறது அக்கா!

அன்புடன்,
சைலஸ்

*

முவாங்கா,
ஏப்ரல் 28, 2024

அன்பின் சைலஸ்,

நலம். நலமறிய ஆவல் என்று எழுதினால் நீ சிரிப்பாய், இருந்தாலும் ஆவல்தான்.

உன் கடிதத்தை ஆராதனை முடிந்ததும் மொழிபெயர்த்து வாசித்தேன். சபையே எழுந்து ஆடிவிட்டது. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது, ஆனாலும் நானும் ஆடினேன். அகின்யி மகளுக்குச் சீருடைத் துணி வாங்கிவிட்டாள். "முந்திரிக்கொட்டை மாதிரி இப்பவே எதுக்குடி?" என்று கேட்டேன். "தைக்க நாளாகும் மாமா" என்கிறாள். இங்கே மாமா என்றால் அம்மா. என்னை எல்லாரும் மாமா ஜெயா என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

ஒரு கேள்வி மட்டும் குடைகிறது. டெர்மினல் என்றால் இடம் வேண்டுமே. ரோட்டுக்கு அந்தப் பக்கம் சதுப்பு. இந்தப் பக்கம் வீடுகள், இடையில் ஒரு ஆடு கட்டக்கூட இடம் கிடையாது. எங்கே வைப்பார்கள்? விசாரித்து எழுது.

அன்புள்ள அக்கா,
ஜெயலீலா

*

சன்னிவேல்,
ஜூன் 30, 2024

அன்பு அக்காவுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள். எல்லாரும் சுகம்தான். ரூத் ஸ்கூல் ஆர்கெஸ்ட்ராவில் வயலின் வாசித்தாள், வீடியோ அனுப்பியிருக்கிறேன். இங்கே நல்ல வெயில். எல் கமினோ ரோட்டில் புதிதாக ஒரு செட்டிநாட்டு ஹோட்டல் திறந்திருக்கிறார்கள். வாரக்கடைசியில் போனோம், காரம் போதாது. உனக்கு ப்ரஷர் எப்படி இருக்கிறது?

இடத்தைப் பற்றிக் கேட்டிருந்தாய். அதெல்லாம் அங்கே உள்ள இலாகா பார்ப்பது. எங்கள் வேலை எண்ணிக்கை மட்டும்தான்.

நீ எப்போது திரும்புகிறாய்? இரண்டு வருஷம் என்று கணக்கு வைத்துக்கொள்ளத் தேவையில்லை. உன் உடம்பையும் பார்க்க வேண்டும். ஆகஸ்டில் டிக்கெட் மலிவாக இருக்கிறது. சரி என்றால் நானே புக் பண்ணுகிறேன். ஷைனாவும் அதையே சொல்கிறாள். ஆகஸ்ட் நடுவில் வந்துவிடு அக்கா.

அன்புடன்,
சைலஸ்

*

முவாங்கா,
ஜூலை 20, 2024

சைலஸ்,

சுகம்தான். ப்ரஷர் நூற்று நாற்பது. உன் கடிதத்தை வாசித்த பிறகு எடுத்தது.

நான் என்ன கேட்டேன், நீ என்ன எழுதியிருக்கிறாய்? இரண்டு மாதம் கழித்துச் செட்டிநாட்டு ஹோட்டல் கதை. ஆகஸ்டில் எனக்கு இங்கே தடுப்பூசி முகாம், எங்கேயும் வருவதாக இல்லை.

செவ்வாய்க்கிழமை நாலு பேர் வந்து வீட்டுச் சுவர்களில் சிவப்புப் பெயிண்டில் எண் எழுதிவிட்டுப் போனார்கள். கேட்டால் "பஸ்ஸுக்கு" என்று மட்டும் சொன்னார்கள். ஜனங்களுக்கு ஒரே கொண்டாட்டம். பஸ் பாஸுக்கு வீட்டு எண் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். எண் போடாத வீட்டுக்காரர்கள் எங்களுக்கும் போடு என்று பின்னாலேயே ஓடினார்கள். அகின்யி வீட்டுக்கு 212. மகளுக்குப் புதுச் சீருடையைப் போட்டு, எண்ணுக்குப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுக்கச் சொன்னாள். எடுத்தேன்.

அந்தப் பெயிண்ட் எதற்கு? உனக்குத் தெரிந்தால் உடனே எழுது. இதை வாசித்த அன்றைக்கே எழுது.

ஷைனாவையும் பிள்ளையையும் கர்த்தர் காப்பாராக.

ஜெயலீலா

*

முவாங்கா,
செப்டம்பர் 3, 2024

சைலஸ்,

உன் பதில் வரவில்லை. புல்டோசர் வந்துவிட்டது.

ஆகஸ்ட் 29, வியாழக்கிழமை, காலை ஏழு மணி. முந்தின நாள் சாயங்காலம்தான் நோட்டீஸ் ஒட்டினார்கள். ஆயிரத்து எண்பது வீடு. சாமான்களை எடுக்க ஒரு மணி நேரம் கொடுத்தார்கள். பெயிண்ட் அடித்த வீடு எல்லாம் போயிற்று. பின்னாலேயே ஓடி எண் வாங்கினவர்களின் வீடும் போயிற்று. லாரியில் ஏற்றி கபண்டா என்ற இடத்தில் இறக்கிவிட்டார்கள். டவுனிலிருந்து முப்பத்தொரு கிலோமீட்டர்.

அகின்யி என் கையைப் பிடித்துக்கொண்டு, "மாமா, பஸ் வந்ததும் திரும்பி வந்துடலாம் இல்லையா?" என்று கேட்டாள். அவள் பாயைச் சுருட்டி லாரியில் ஏற்றிக் கொடுத்தேன்.

க்ளினிக் நிற்கிறது. அதில் யாரும் இல்லை.

ஜெயலீலா

*

சன்னிவேல்,
செப்டம்பர் 10, 2024

அக்கா,

எப்படி இருக்கிறாய் என்று கேட்க எனக்கு வாய் இல்லை. ஏழு தடவை ஃபோன் பண்ணினேன். நீ எடுக்கவில்லை.

எனக்குத் தெரியும். மே மாதம் ஒன்பதாம் தேதியே தெரியும். டெர்மினல் வரைபடம் என் மேஜைக்குத்தான் முதலில் வந்தது. ஆறு ஏக்கர். சதுப்பில் மண் அடித்துத் தூர்க்கச் செலவு அதிகம், மேட்டில் இருப்பவர்களுக்குப் பட்டா கிடையாது, ஆகவே மேடு. ராமசுப்ரமணியனிடம் போனேன்.

"சார், எண்ணிக் குடுத்தவங்க வீட்டையே எடுக்குறாங்க சார்."

"சைலஸ், நாம நம்பர் குடுக்குறவங்க. நிலம் அவங்க டிபார்ட்மென்ட். நஷ்டஈடு எல்லாம் ப்ராசஸ்ல இருக்கு. இப்ப நீங்க எழுந்து நின்னு அந்த டேட்டா டவுட்டுன்னு சொன்னீங்கன்னா, மொத்த ரிப்போர்ட்டும் டவுட் ஆகும். அப்புறம் உங்கள நான் எப்படிக் காப்பாத்துறது?"

திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டேன். அதுதான் நடந்தது. ரூத்தின் முகம்தான் கண்முன் வந்தது. உன்னை ஆகஸ்டுக்குள் அங்கிருந்து கிளப்பிவிட்டால் நீ பார்க்காமலாவது இருப்பாய் என்று நினைத்தேன். உன் ஜூலைக் கடிதத்தை வாசித்துவிட்டுக் காரிலேயே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். எழுத எடுத்த தாளை நாலு தடவை கிழித்தேன். நஷ்டஈடு வரும் என்று நம்பினேன். நம்ப விரும்பினேன் என்று சொல்வதுதான் சரி.

என்னைத் திட்டு. பேசாமல் மட்டும் இருக்காதே.

சைலஸ்

*

பிஸ்கட்டவே,
டிசம்பர் 8, 2024

சைலஸ்,

வந்து ஒரு மாதம் ஆகிறது. ஃபோனை நான் எடுக்காததற்குக் காரணம் கோபம் மட்டுமில்லை. உன் குரலைக் கேட்டால் நான் இதைச் சொல்லாமல் விட்டுவிடுவேன். இங்கே பனி பெய்திருக்கிறது. ப்ரஷர் மாத்திரையைக் கூட்டியிருக்கிறார்கள். மற்றபடி சுகம். ஷைனா அனுப்பிய செருப்பு வந்து சேர்ந்தது. நன்றி சொல்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாய் என்று உன்னைத் திட்டி மூன்று பக்கம் எழுதி வைத்திருந்தேன். அதைக் கிழித்துப்போட்டேன். மறைத்தது நீ மட்டுமில்லை.

அந்த ஊரில் விதை என்றால் ஓட்டு. எண்ணிக்கை இல்லை. தலைக்கு ஒன்று என்று நான் படித்துப் படித்துச் சொன்னேன். அவர்கள் தலையை ஆட்டினார்கள். பஸ் வேண்டும் என்று ஓட்டுப் போடுகிறோம், நிறையப் போட்டால்தானே ஜெயிக்கும் என்று நினைத்தார்கள். முதுகில் இருந்த பிள்ளைக்கு ஒன்று, வீட்டில் படுத்திருக்கிற மாமியாருக்கு ஒன்று, வயிற்றில் இருப்பதற்கு ஒன்று. அகின்யி காவலுக்கு உட்கார்ந்தவள், ஆள் இல்லாத நேரத்தில் கை நிறைய அள்ளிப் போட்டாள். நான் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

விதை போட்டதற்கு முந்தின நாள் சாயங்காலம் நானே தனியாக ஒரு பாதையில் நின்று தலையை எண்ணிப் பார்த்திருந்தேன். மூன்று பாதைக்கும் சேர்த்து நாலாயிரம் தேறும். நீ கேட்டது மூவாயிரம். உண்மையை எழுதியிருந்தால் ஒரு கம்பமும் கூரையும் வந்திருக்கும், ஒரு வீட்டின் தகரம்கூட அசைந்திருக்காது. நான்தான் பூஜ்யம் போட்டவர்களுக்கு ஒரு பாடம் கற்பிக்கிறேன் என்று பதினோராயிரத்தை எழுதி முத்திரை வாங்கினேன். இருபத்திரண்டு வருஷம் நோயாளிகளின் சார்ட்டில் ஒரு மில்லிகிராம் கூட்டி எழுதாத கை.

உனக்கும் சந்தேகம் வந்தது. ஏப்ரல் கடிதத்தில் எழுதியிருக்கிறாய். அன்றைக்கு நீ ஒரு வார்த்தை அழுத்திக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நீ கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. அக்காளும் தம்பியும் சேர்ந்து ஒரு ஊரைத் தின்றுவிட்டோம்.

இப்போதாவது உங்கள் ரிப்போர்ட்டில் அந்த எண்ணைத் திருத்து. டெர்மினல் வேண்டாம், நிறுத்தம் போதும் என்று எழுது. வீடு போனது போனதுதான். கட்டுவதற்கு முன்னால் நிறுத்தினால் சில பேராவது திரும்பி வந்து கூரை போட்டுக்கொள்வார்கள். என் பெயரைப் போட்டே எழுது, பொய் சொன்னது ஜெயலீலா என்று.

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள் பிள்ளைக்கு மட்டும்.

அக்கா

*

சன்னிவேல்,
பிப்ரவரி 16, 2025

அன்பு அக்கா,

நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். பனியில் வழுக்கி விழுந்துவிடாதே, செருப்பை வெளியே போடாதே. இங்கே எல்லாரும் இருக்கிறோம். ஷைனாவுக்கு எல்லாம் தெரியும். அவள் என்னோடு அதிகம் பேசுவதில்லை.

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு ராமசுப்ரமணியனிடம் போனேன். இந்தத் தடவை போனேன் அக்கா. அவர் வாசித்துவிட்டு மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "இனிமே இதுக்கு அவசியமே இல்ல சைலஸ்" என்றார். நிதி கொடுக்க ஒப்புக்கொண்டவர்கள் ஜனவரியில் கையை விரித்துவிட்டார்கள். பஸ் இல்லை. எந்த நிறுத்தமும் இல்லை. பாதிச் சாலையில் குழி தோண்டியிருக்கிறார்கள், அது அப்படியே கிடக்கும். மேட்டைச் சுற்றி மதில் கட்டிப் பூட்டிவிட்டார்கள், அது இனி அரசாங்க நிலம். ஒருவரும் உள்ளே போக முடியாது.

முடிக்கும்முன் ஒரு கடைசி அறிக்கைக்காக மாடலை மறுபடி ஓட்டச் சொன்னார்கள். முவாங்காவுக்கு நேராகப் பூஜ்யம் வந்தது. இந்தத் தடவை அது சரியான பூஜ்யம்.

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை, எழுதியே ஆக வேண்டும். விதையால் எண்ணிய அந்த சாப்டரை வேறொரு நாட்டுக்காரர்கள் வாசித்திருக்கிறார்கள். அவர்கள் ஊரிலும் அதே மாதிரி செய்து தரச் சொல்லிக் கேட்கிறார்கள். கம்பெனிக்கு இந்த வருஷம் கையில் இருக்கிற ஒரே வேலை அதுதான். என்னைத் தலைமை தாங்கச் சொல்கிறார்கள். மாட்டேன் என்றால் ஏப்ரல் லிஸ்டில் என் பெயர். ரூத்துக்கு இன்னும் நாலு வருஷ ஸ்கூல் இருக்கிறது. நீ எப்படிச் செய்தாய் என்று முறையை ஒரு பக்கம் எழுதித் தந்தால் உதவியாக இருக்கும். இந்தத் தடவை தலைக்கு ஒன்றுதான் என்று கறாராகப் பார்த்துக்கொள்வேன். சத்தியமாக.

கோபித்துக்கொள்ளாதே.

சைலஸ்

*

பிஸ்கட்டவே,
மார்ச் 23, 2025

சைலஸ்,

நான் சுகம். ரூத்தின் பிறந்தநாளுக்குப் பெட்டி அனுப்பியிருக்கிறேன், கம்பியைக் கழற்றிவிட்டார்களாமே, முறுக்கு வைத்திருக்கிறேன். ஷைனாவிடம் உன்னோடு பேசச் சொல்லி நான் எழுதமாட்டேன். அது அவள் பாடு.

நீ கேட்ட ஒரு பக்கத்தை நான் எழுதித் தரப்போவதில்லை.

போன ஞாயிறு சபைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன், அகின்யி ஃபோன் பண்ணினாள். பக்கத்து வீட்டு ஃபோனிலிருந்து. கபண்டாவிலிருந்து ஆஸ்பத்திரிக்கு இரண்டு நாள் நடந்து பார்த்திருக்கிறாள். இரண்டாம் நாள் போய்ச் சேர்வதற்குள் வேறு ஆளை வைத்துவிட்டார்கள். இப்போது வேலை இல்லை. பள்ளிக்கூடமும் அங்கே கிடையாது. மகள் சும்மா இருக்கிறாள் என்று சொன்னாள். முட்டி எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "நடக்க இடமில்லாததால வலி இல்ல மாமா" என்றாள். அவள் அதை வேடிக்கையாகச் சொல்லவில்லை.

நான் அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இத்தனை மாதமும் நினைத்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறந்தேன். அதற்குள் அவளே ஆரம்பித்துவிட்டாள்.

"மாமா, உங்க தம்பி நல்லவரு. எங்களையெல்லாம் ஆளா மதிச்சு அமெரிக்காவுல சொன்னவரு அவர் ஒருத்தர்தான். ஏதோ எங்க நேரம், இப்படி ஆயிடுச்சு. இங்க கபண்டாவுல எங்கள மாதிரி ஆயிரம் குடும்பம் கிடக்கு. வேலை இருக்கிறவங்க இன்னும் நடக்குறாங்க. யாருக்கும் தெரியல. அவரை ஒருக்க இங்க வந்து எங்கள எண்ணச் சொல்லுங்க மாமா. விடியக்காலையிலயே எல்லாரும் வந்து நிப்போம்."

நான் சரி, சொல்கிறேன் என்றேன். வேறு என்ன சொல்ல? சொல்லச் சொன்னாள், சொல்லிவிட்டேன். அவளுக்கு என்ன பதில் என்பதை நீயே அவளிடம் பேசு. அந்தப் பக்கத்து வீட்டு நம்பரைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஃபோன் பக்கத்திலேயே காத்திருப்பாளாம்.

பிள்ளைக்கு என் முத்தம்.

ஜெயலீலா